நிற்கிற வீட்டுக்கு நாற்பது கொண்டி

மேஜை மேல் என் வீடு இருந்தது. சன்போர்டு என்கிற நுரை அட்டையில் வெட்டி ஒட்டிய மாடல். இரண்டு முழ நீளம். கூரை கிடையாது. மேலிருந்து பார்த்தால் உள்ளே எல்லாம் தெரியும்.

எக்ஸாமினர் சார் குனிந்தார். சென்னையிலிருந்து வந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். விரல் நுனியால் சமையலறை அலமாரிக் கதவைத் தொட்டார். திறக்கவில்லை.

“இது என்னம்மா?”

“கொண்டிங்க சார்.”

குண்டூசியை வளைத்துச் செய்த கொண்டி. நெல் அளவுதான் இருக்கும். தூக்கிவிட்டால் கதவு திறக்கும். அதற்கே மூன்று நாள் ஆகியிருந்தது.

“இது?”

“அதுவும் கொண்டிங்க.”

பார்த்துக்கொண்டே போனார். தட்டு ஒவ்வொன்றின் விளிம்பிலும் இரண்டு விரல் உயரத்துக்குத் தடுப்புப் பட்டை. பிரிட்ஜைச் சுவரோடு சேர்த்து ஒரு பெல்ட். கட்டில் காலுக்கு நான்கு போல்ட். டிவிக்கு இரண்டு வார். பூஜை அலமாரியில் சாமி படங்களுக்கு முன்னால் ஒரு கம்பி.

நிமிர்ந்தார்.

“ஏம்மா, இந்த வீடு எங்க கிளம்புது?”

வகுப்பே சிரித்தது. எங்கள் கவிதா மிஸ் பைலால் வாயை மூடிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. அப்படியே நின்றேன்.

இந்த வீடு எங்கேயும் கிளம்பாது. மூன்று மாதம் வரைந்தேன். ஒரு மாதம் வெட்டி ஒட்டினேன். வீடு கிளம்பாது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

கேபினுக்குள் பதினாறு வருஷம்

இந்தத் தொடரின் மூன்றாம் வாரம் மணியண்ணன் பட்டறையைப் பற்றி எழுதினேன். இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிப்பவர்களுக்காக இரண்டு வரி.

நாமக்கல்லில் லாரிக்குக் கேபின் கட்டுகிற பட்டறை அது. சேஸிஸ் மட்டும் வரும். வெறும் சக்கரமும் இன்ஜினும். அதற்குமேல் கேபின் கட்டி, உள்ளே சீட்டு, படுக்கை, அலமாரி எல்லாம் வைத்து அனுப்புவோம். உள்வேலை என்னுடையது. சீட்டுக்கு ரெக்சின் தைக்க வந்தவள். பிறகு பிளைவுட் வெட்டவும் பழகிக்கொண்டேன்.

நான் தனியாக உள்வேலை பார்த்த முதல் வண்டியில் ஒரு தட்டுக்குத் தடுப்பு வைக்கவில்லை. மறந்துவிட்டேன். வண்டி தொப்பூர் இறக்கத்தில் போகும்போது எண்ணெய் பாட்டில் உருண்டு பிரேக்குக்கு அடியில் போயிருக்கிறது. டிரைவர் எப்படியோ காலால் எத்தித் தள்ளிவிட்டு வண்டியை நிறுத்தினார். பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் வைத்தார்.

“இதெய வெச்சுக்க சாமி. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது” என்றார். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை.

அதற்குப் பிறகு என் கையில் பட்ட எதுவும் கொண்டி இல்லாமல் வெளியே போனதில்லை. பல்பொடி டப்பாவுக்குக்கூட ஒரு வார் வைப்பேன்.

பறந்த திரைச்சீலை

படிக்கப் போன கதை சின்னது.

ஒரு லாரி முதலாளி மோகனூர் ரோட்டில் வீடு கட்டினார். என் சீட்டு வேலை அவருக்குப் பிடிக்கும். சோபாவுக்கு மெத்தை தைக்கக் கூப்பிட்டிருந்தார். போனால் அங்கே வீடே இல்லை. தூண் மட்டும் நின்றது.

ஒரு பையன் லேப்டாப்பைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான். இன்டீரியர் டிசைனராம். திரையில் ஹால் இருந்தது. சன்னல் இருந்தது. திரைச்சீலை காற்றில் பறந்தது. வெயில் தரையில் விழுந்திருந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். செங்கல்கூட இறக்கவில்லை. மறுபடி திரையைப் பார்த்தேன். திரைச்சீலை பறந்துகொண்டே இருந்தது.

மெத்தை அளவை மறந்துவிட்டு அவனிடம் கேட்டேன்.

“இதெல்லாம் எங்கீங்க கத்துக்கிட்டீங்க?”

“காலேஜ்லதானுங்கக்கா.”

“நானெல்லாம் சேர முடியுங்களா?”

“பத்தாவது பாஸா?”

“ஆமாங்க.”

“ஒரு வருஷ டிப்ளமோ இருக்குதுங்க. சேலத்துலயே.”

பஸ்ஸில் திரும்பும்போது உட்காரவில்லை. இடம் இருந்தது. உட்கார முடியவில்லை.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். அப்போது நாக்பூர் பக்கம் இருந்தார். போனில் சொன்னேன். வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஏம்புள்ள, முப்பத்தாறு வயசுல காலேஜுக்கா?”

“ஆமாங்க.”

“யூனிபாரமெல்லாம் உண்டா?”

“தெரியலீங்க.”

“போ. போய் எனக்கு ஒரு நல்ல ஊடா கட்டு. இந்தக் கேபின்ல படுத்துப் படுத்து முதுகு வளஞ்சு போச்சு.”

“அதெ நாந்தான் செஞ்சேனுங்க.”

“அதான் சொல்றேன்.”

முதல் நாள்

காலேஜ் வாசலில் ஒரு பெண் நின்றாள். ஆத்தூர்க்காரி. ஹரிணி. பதினெட்டு வயது.

“ஆன்ட்டி, பீஸ் கட்டற எடம் அந்தப் பக்கம். உங்க பொண்ணு எந்த டிபார்ட்மென்ட்?”

“பொண்ணு இல்ல சாமி. நாந்தான்.”

அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சாயங்காலத்துக்குள் அக்கா ஆகிவிட்டேன். அடுத்த மாதம் பக்கத்து இருக்கை.

அவள் எனக்கு மில்லிமீட்டர் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு அடியும் அங்குலமும்தான். நான் அவளுக்கு பிளேடு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். விரலில் மூன்று பிளாஸ்திரியோடு வருவாள். பிறகு அது குறைந்தது.

வரைவதற்கு ஒரு முக்கோண ஸ்கேல் கொடுத்தார்கள். மூன்று பக்கமும் கோடு. அதில் ஒரு பக்கம் வைத்து அளந்தால் பத்தடி அறை என் உள்ளங்கைக்குள் வந்துவிடும். அன்று முழுவதும் எதைப் பார்த்தாலும் அளந்தேன். டிபன் பாக்ஸ், பெஞ்சு, மிஸ் உட்கார்ந்திருந்த நாற்காலி. ராத்திரிச் சோறு ஆறிப்போனது.

பேச வரவில்லை. மற்ற பிள்ளைகள் எழுந்து நின்று ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் பேசுவார்கள். என் முறை வந்தால் “இது சன்னலுங்க. இது கதவுங்க” என்று உட்கார்ந்துவிடுவேன். கவிதா மிஸ் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. “கோடு நல்லா இருக்கு. ரிவ்யூல கோடு பேசட்டும்” என்றார்.

கோடு பேசியது. இந்த வீடு எங்க கிளம்புது என்று கேட்கும்படி பேசியது.

பத்து நாள்

சிரிப்பு அடங்கியதும் எக்ஸாமினர் சார் சொன்னார்.

“பத்து நாள் கழிச்சு மறுபடி வருவேன். நிக்கிற வீடு ஒண்ணு காட்டுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.”

எனக்கு அடுத்த வருஷம் கிடையாது. மணியண்ணன் சித்திரை வரைதான் என் மெஷினைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். சேலத்தில் ஒரு டிசைன் ஆபீஸில் கேட்டு வைத்திருந்தேன். பாஸ் பண்ணிய தாளோடு வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்களுக்கும் சித்திரையில்தான் ஆள் வேண்டும். இந்த ரிவ்யூவில் சார் கையெழுத்துப் போட்டால் ஆபீஸ். போடாவிட்டால் ரெக்சின்.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

மாடலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் நின்றேன். தண்ணீர்க் குடம் மேடை மேல் இருந்தது. யாரும் பிடிக்கவில்லை. எதனோடும் கட்டவில்லை. அது பாட்டுக்கு நின்றது. பதினாறு வருஷமாக அதே குடத்தில்தான் தண்ணீர் குடிக்கிறேன். அது நிற்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

பிளேடை எடுத்தேன். மாடலிலிருந்து பட்டையையும் பெல்ட்டையும் உரித்தேன், கொண்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எண்ணிப் பார்த்தால் நாற்பது. ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

அப்புறம் கை நிற்கவில்லை. கண்ணாடித் தட்டு வரைந்தேன். கதவில்லாத அலமாரி வரைந்தேன். சாப்பாட்டு மேஜைக்கு மேல் ஒரு விளக்கைத் தொங்கவிட்டேன். தொங்கும் விளக்கு! எங்கள் கேபினில் தொங்குவது எலுமிச்சம்பழமும் மிளகாயும் மட்டும்தான். ஒரு மூலையில் பூந்தொட்டி வைத்தேன். அதற்கு போல்ட் போடவில்லை. போடாமல் விட்டுவிட்டு இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் போன் செய்தார்.

“என்ன, ஊட்டுக்குப் பெல்ட்டு போட்டியாமா?”

ஹரிணியிடம் கேட்டிருக்கிறார்.

“எடுத்துட்டேனுங்க.”

“ஹேண்ட் பிரேக்காவது போட்டு வெய். மேட்டுல நிக்கிற ஊடா இருந்தா?”

“போனெ வெய்யுங்க.”

சுவர்

நான் வரைந்தது கற்பனை வீடு இல்லை. ஒவ்வொருவருக்கும் நிஜமாக ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். எனக்கு அம்மாபேட்டையில் சாரதாக்கா வீடு. கவிதா மிஸ்ஸுக்குத் தெரிந்தவர். அங்கன்வாடியில் வேலை. இரண்டு அறை, ஒரு சமையலறை. அதை எப்படி மாற்றி அமைக்கலாம் என்று காட்ட வேண்டும்.

முதலில் அளவெடுக்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இப்போது புது அலமாரிக்காக மறுபடி போனேன். வேலை நாள். தெரு முழுக்க ஒரே இரைச்சல்.

டேப்பின் ஒரு முனையைச் சமையலறைச் சுவரில் அழுத்தினேன். விரல் கூசியது.

டேப்பை விட்டேன். உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். சுவர் நடுங்கியது. லேசாகத்தான். ஓடாமல் நிற்கிற லாரியில் இன்ஜினை மட்டும் போட்டுவிட்டால் கேபின் எப்படி நடுங்குமோ, அப்படி. அந்த நடுக்கம் என் கைக்கு நன்றாகத் தெரியும்.

“ஏனுங்கக்கா, செவுரு ஆடுதுங்களே?”

“அதுவா? பக்கத்து வீட்ல நாலு பவர்லூம் ஓடுது. செவுத்துக்கு அந்தாண்ட தறிதான்.”

“போன தடவ சொல்லலீங்களே?”

“என்னன்னு சொல்றது? எப்பவும் இருக்கறதுதானே. ஞாயித்துக்கெழம தறிக்கு லீவு.”

அந்தச் சுவரில் கடப்பாக்கல் தட்டு பதித்திருந்தது. மேலே எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கிணுகிணு என்று சத்தம்.

மற்ற மூன்று சுவரையும் தொட்டேன். அசையவில்லை. ஹால், படுக்கை அறை எல்லாம் தொட்டேன். சாரதாக்கா என்னைப் பார்த்து, “டாக்டர் மாதிரி நாடி பாக்கறீங்களே” என்றார்.

அப்போது வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. லாரி முழுக்க ஓடும். வீடு முழுக்க நிற்கும். இரண்டுமே அந்த வீட்டுக்குப் பொய். அந்த வீட்டில் ஒரு சுவர் ஓடுகிறது, மற்றதெல்லாம் நிற்கிறது. பேப்பரில் அது தெரியாது. லேப்டாப்பிலும் தெரியாது. கை வைத்தால்தான் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனேன்.

அந்தச் சுவரில் வரைந்திருந்த கண்ணாடித் தட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். நடுங்கும் சுவரின் கல் தட்டுக்கு மட்டும் தடுப்புப் பட்டை வைத்தேன். வேறு எங்கும் இல்லை.

“மறுபடியும் லாரியா?”

பத்தாம் நாள் எக்ஸாமினர் சார் வந்தார். விளக்கைப் பார்த்தார். பூந்தொட்டியைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

சமையலறைக்கு வந்தார். பட்டையைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“மறுபடியும் லாரியாம்மா?”

“இல்லீங்க சார். அந்தச் செவுரு நடுங்குதுங்க.”

“சுவர் நடுங்குமா?”

“நடுங்குதுங்க.”

“எப்படி?”

மற்ற பிள்ளைகளாக இருந்தால் ஐந்து நிமிஷம் பேசியிருப்பார்கள். எனக்கு வந்தது இரண்டு வார்த்தை.

“வந்து பாருங்க.”

எக்ஸாமினரை இப்படி யாரும் கூப்பிட்டதில்லை போல. பின்னாலிருந்து ஹரிணி என் துப்பட்டாவை இழுத்தாள்.

கவிதா மிஸ்தான் வாயைத் திறந்தார். “பத்து நிமிஷம்தான் சார். ஆட்டோவுல போயிட்டு வந்துடலாம்.”

“எனக்கு நாலு மணிக்கு டிரெயின்” என்றார். ஆனால் எழுந்தார்.

சாரதாக்கா வீட்டு வாசலில் இறங்கினோம். தெரு அமைதியாக இருந்தது. அந்த அமைதியே எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போனால் மின்விசிறி நிற்கிறது.

“கரண்டு போயி அரை மணி நேரம் ஆச்சு” என்றார் சாரதாக்கா.

சார் சமையலறைக்குப் போனார். அந்தச் சுவரில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். என்னைப் பார்த்தார்.

சுவர் மலைபோல நின்றது.

“தறி ஓடோணுங்க சார்” என்றேன்.

“எப்ப ஓடும்?”

“கரண்டு வந்தா.”

“எப்ப வரும்?”

மணி மூன்று அடிக்கப் போகிறது. கவிதா மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தார். சாரதாக்கா அடுப்பைப் பற்ற வைத்தார். “வந்தவங்க டீயாவது குடிச்சுட்டுப் போங்க.”

பால் பொங்கியது. டீத்தூள் போட்டார். சர்க்கரை போட்டார். இறக்கி வடிகட்டினார். கரண்டு வரவில்லை. சார் ஒரு மடக்கு குடித்தார். இன்னொரு மடக்கு. நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பூர் இறக்கத்தில்கூட ஒரு டிரைவர் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

அரை டம்ளர் இருக்கும்போது மின்விசிறி அசைந்தது.

ஒரு தறி ஓடியது. அடுத்தது. நான்கும் ஓடின. கடப்பாக்கல் மேல் டம்ளர்கள் கிணுகிணுத்தன. சார் சுவரில் கை வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை.

தட்டைப் பார்த்தபடியே நின்றார். டம்ளர்கள் அசைந்து அசைந்து விளிம்புக்கு வந்தன. சாரதாக்கா எங்களோடு அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவில்லை. தட்டுப் பக்கம் திரும்பவும் இல்லை. இடது கை மட்டும் போய் டம்ளர்களை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனது.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க தள்ளுவீங்க?” என்று சார் கேட்டார்.

“எதைங்க?”

சார் தட்டைக் காட்டினார். சாரதாக்கா தட்டைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

“அட, நானா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதே இடத்தில் நின்று சுவரைத் தொட்டேன். டம்ளர் சத்தத்தையும் கேட்டேன். அந்தக் கை என் கண்ணில் படவில்லை. சென்னையிலிருந்து வந்தவர் ஒரு டீ குடிப்பதற்குள் பார்த்துவிட்டார். படிப்பு என்றால் இது என்று தோன்றியது.

சார் என் வரைபடத்தைக் கேட்டார். பேனாவைத் திறந்தார். பட்டையின் உயரத்தை அடித்துவிட்டுப் பாதியாக எழுதினார்.

“இவ்வளவு போதும்மா. அவங்க தட்டைத் தினமும் துடைக்கணும் இல்ல? லாரியில யாரும் துடைக்க மாட்டாங்க.”

“சரிங்க சார்.”

அடுத்து ரிவ்யூ தாளைக் கேட்டார். நீட்டினேன். மேடை முழுக்க டீப் பாத்திரம். வைத்து எழுத இடமில்லை. அவர் தாளைச் சுவரில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். தறிச் சுவரில். போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

சித்திரை பிறந்ததும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டிசைன் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா கையெழுத்தைப் பார்த்தார். கோடெல்லாம் நெளிந்து, புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. கிட்டே வைத்துப் பார்த்தார்.

“என்னங்க இது, ஓடற பஸ்ல வெச்சுப் போட்டாரா?”

“இல்லீங்க” என்றேன். “ஊட்டுக்குள்ள நின்னுதானுங்க போட்டாரு.”